கல்லைப் பெயர்க்கச் சொல்பவர்களுக்கு

கல் தரை மங்கிவிட்டால் பெயர்த்தெடுத்துவிட்டு டைல்ஸ் போடு. பெயர்க்கக் காசில்லையா, அதன் மேலேயே டைல்ஸை ஒட்டு. அதற்கும் வழியில்லையா, ஆசிட் ஊற்றித் தேய். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, பென்னாகரம், அரூர் வரை பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் எவருக்கும் மேஸ்திரி, கடைக்காரர், மச்சான், எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் சொல்லும் யோசனை இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: கல்லுக்குப் பழுது பார்ப்பது என்று ஒரு வேலையே கிடையாது, இருக்கிறவரை இருக்கும், போனால் போனதுதான். இந்த நம்பிக்கை தவறு. வீடுகளில் இருக்கும் கல் தரைகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்ததும் இதுவேதான்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் போட்ட கடப்பா கல் இன்று சாம்பல் பூத்துக் கிடக்கிறது. இணைப்புகளில் கறுப்பு அப்பியிருக்கிறது. சமையலறை மூலையில் கேஸ் சிலிண்டர் வைத்த இடத்தில் துருவளையம். சாமி விளக்குக்கு அடியில் எண்ணெய்க் கறை. குளியலறைப் படியில் போர்த் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் படலம். எவ்வளவு கழுவினாலும் பளிச்சென்று ஆகாது. மறுபக்கம் விட்ரிஃபைடு டைல்ஸ் அளவாக வெட்டிப் பெட்டியில் வருகிறது. தரக்கட்டுப்பாட்டின்படி அதன் நீர் உறிஞ்சும் தன்மை அரை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நிறம் கேட்டபடி கிடைக்கும், விலை முன்கூட்டியே தெரியும், நாலு நாளில் வேலை முடியும். கல்லைச் சரிசெய்யத் தெரிந்த ஆளைத் தேடினால் எளிதில் அகப்படமாட்டார். இந்த நிலையில் ஒருவர் டைல்ஸ் பக்கம் சாய்வதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை.

1. "கல் பழசாகிவிட்டது" என்கிறார்களே, பழசானது எது? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வெட்டியெடுத்துக் கறுப்பு கிரானைட் என்ற பெயரில் விற்கப்படும் கல், பாறையியல்படி டாலரைட். இங்கே அது பூமிக்குள் பிளவுகளில் புகுந்து உறைந்து இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்கு முப்பது வருட வாழ்க்கையால் மூப்பு வந்துவிட்டது என்பது வேடிக்கை. இதே மாவட்டத்தில் வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் நின்ற நடுகற்களில் பல்லவர் காலத்து எழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் பார்க்கலாம். கூரைக்கு அடியில், செருப்பில்லாத கால்கள் நடக்கும் தரைக்கு என்ன ஆகியிருக்க முடியும்?

ஆகியிருப்பது மேல்தோலில் மட்டும்தான். பளபளப்பு என்பது கல்லின்மேல் பூசிய பொருள் அல்ல, மேற்பரப்பு சமமாக இருப்பதால் ஒளி ஒரே திசையில் திரும்பும் நிலை. அந்தப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்தால் ஒளி சிதறும், தரை மங்கலாகத் தெரியும். கீறுவது வாசலிலிருந்து வரும் மணல். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. மார்பிளும் கடப்பா கல்லும் கோட்டா கல்லும் பெரும்பாலும் கால்சைட்டால் ஆனவை, அதன் எண் 3. காலுக்கடியில் ஒட்டிவரும் மணல் ஒவ்வோர் அடிக்கும் தரையை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறது என்று சொன்னால் மிகையில்லை. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் 7, 6 என்ற அளவில் இருப்பதால் அது எளிதில் மசியாது. கிரானைட் தரை மங்கினால் அநேகமாக அதன் பாலீஷ் போயிருக்காது. சோப்பும் எண்ணெயும் உப்பும் சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டியிருக்கும். அதற்குத் தேவை சுத்தம், அவ்வளவுதான்.

கீறல் விழுந்த சுண்ணாம்புக் கல்லுக்குத் தேவை மறுபாலீஷ். தண்ணீர் ஊற்றிக்கொண்டே மிஷினில் முதலில் கரடான வைரப் பட்டை, பிறகு படிப்படியாக நைசானது: 100, 200, 400, 800, 1500, 3000 என்று போகும். கரட்டிலிருந்து நைசுக்கு ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய படியின் வட்டக் கீறல் கடைசிவரை தெரியும். அவசரக்கார வேலையை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மார்பிளாக இருந்தால் தரையில் ஓடும் சேறு பால்போல் இருக்கும், கடப்பாவாக இருந்தால் கருஞ்சாம்பல். அந்தச் சேறு முழுவதும் சேர்ந்தாலும் கழிவது ஒரு மில்லிமீட்டருக்குள்தான். பலகையின் கனம் 18, 20 மில்லிமீட்டர். பழைய கடப்பா என்றால் பல வீடுகளில் அதைவிடவும் கனம். பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை பாலீஷ் போட்டாலும் கல் நம் பேரன் காலத்துக்கும் இருக்கும். இதைத் தூக்கிப் போடுவதற்குப் பழசு என்பது காரணமாகாது.

2. "எல்லாக் கல்லும் கல்தானே, ஆசிட் ஊற்றினால் புதுசாகிவிடும்" என்பது இந்த ஊரில் மிகப் பரவலான யோசனை, மிக அதிகமாகக் கெடுத்த யோசனையும்கூட. முதல் பாதியிலேயே பிழை. கல் என்பது ஒரே பொருள் இல்லை. ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்வோம். அருவி விழும் சார்னோக்கைட் பாறையில் ஆசிட் பட்டால் நுரைக்காது. அதே வட்டாரத்தில் கிடைக்கும் கார்பனடைட் என்ற பாறை நுரைக்கும். தரையிலும் இதே பிரிவுதான். கிரானைட் ஒரு சாதி. ஆந்திரத்துக் கடப்பாவும் பேத்தம்செர்லாவும், தெலங்கானாவின் தாண்டூரும், கர்நாடகத்தின் ஷாபாத்தும், ராஜஸ்தானின் கோட்டாவும் மக்ரானா மார்பிளும் இன்னொரு சாதி. எல்லாம் கால்சியம் கார்பனேட். மொசைக் முழுக் கல் இல்லை என்றாலும் அதில் பதித்திருப்பது மார்பிள் சில்லுகள், பிடித்திருப்பது சிமெண்ட். இரண்டும் ஆசிட்டுக்கு ஆகாதவை.

இங்கேதான் தருமபுரியின் தண்ணீர் குறுக்கே வருகிறது. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிக்க அந்தத் தண்ணீர் வந்துவிட்டது; தரை துடைக்க இன்றும் பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் 600 வரை அனுமதி. அந்த 600 என்ற எண்ணையே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். துடைத்த பிறகு தரையில் நின்று காய்ந்துபோகும் தண்ணீர் தினமும் ஒரு லிட்டர் என்றால், விட்டுப்போகும் உப்பு 0.6 கிராம். வருடத்துக்கு 200 கிராமுக்கு மேல். பாறை மாவட்டத்தின் பல போர்களில் கடினத்தன்மை அதற்கும் மேலே போகும். அந்த வெள்ளைப் படலத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் ஆசிட் பாட்டிலை எடுக்கிறார்.

அந்தப் படலத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கடப்பா கல்லும் கால்சியம் கார்பனேட். எது கறை, எது தரை என்று ஆசிட்டுக்குத் தெரியாது. நுரை பொங்கும்போது கறை கரைகிறது என்று மகிழ்கிறார்கள். அதே நுரையில் கல்லின் மேல்தோலும் கரைந்து கார்பன் டைஆக்சைடாகவும் கால்சியம் குளோரைடாகவும் போய்க்கொண்டிருக்கிறது. கழுவியதும் தரை சற்று வெளுத்துச் சுத்தமாகத் தோன்றும். காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பில் அழுக்கு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும், போர்த் தண்ணீர் உப்பு முன்னைவிட உறுதியாக ஒட்டும், அடுத்த பொங்கலுக்குள் இன்னொரு பாட்டில் தேவைப்படும். சில முறை இப்படிச் செய்தபின், "பார்த்தீர்களா, கல் தரை என்றாலே இப்படித்தான்" என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. காயத்தை உண்டாக்கிவிட்டு நோயாளியைக் குறை சொல்வது இதுதான்.

கிரானைட்டில் ஊற்றலாமே என்றால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் குவார்ட்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஆனால் கிரானைட்டில் கறுப்பாகத் தெரியும் பயோடைட்டில் இரும்பு இருக்கிறது. அமிலம் அதை அரித்தால் சில வாரங்களில் பழுப்பு மஞ்சளாகக் கறை பூக்கும். துரு போக்க விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. அது கண்ணாடியையே கரைக்கும், கிரானைட்டை விடாது, கையில் பட்டால் எலும்புவரை போகும். இவற்றுக்கெல்லாம் நடுவே கல்லோடு கல்லாக நிற்கும் இணைப்புச் சிமெண்டும் அரிக்கப்படும். ஆசிட் கழுவிய கையோடு பிளீச்சிங் பவுடர் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது விளையாட்டு அல்ல.

இதற்கு ஒரு மறுமொழி தயாராக இருக்கும்: மொசைக் பாலீஷ்காரர்களே கடைசியில் ஆசிட் போடுகிறார்களே? போடுகிறார்கள். அது ஆக்சாலிக் அமிலத் தூள், வேறு பொருள். கால்சைட்டின் மேல் அது வினைபுரியும்போது கால்சியம் ஆக்சலேட் என்ற, தண்ணீரில் கரையாத மெல்லிய படிவு உண்டாகிறது. அதுவே பளபளப்புக்கும் சிறிது பாதுகாப்புக்கும் உதவுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாக்கும் கால்சியம் குளோரைடோ தண்ணீரோடு கரைந்து ஓடிவிடுகிறது, பள்ளம் மட்டும் மிஞ்சும். ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அப்படியானால் வெள்ளைப் படலத்தை என்ன செய்வது? கிரானைட் என்றால் ஈரப்படுத்திவிட்டு, மழுங்கிய பிளேடைப் படுக்கைவாட்டில் பிடித்துச் சுரண்டினாலே பெரும்பாலும் வந்துவிடும். கடப்பா, மார்பிள் என்றால் நைசான வைரப் பட்டையால் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். அதைவிட முக்கியம், மறுபடி வராமல் பார்ப்பது. துடைத்த ஈரம் தானாகக் காயட்டும் என்று விடாமல் உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தால் உப்பு துணியோடு போய்விடும். மேலே போட்ட 200 கிராம் கணக்கு கிட்டத்தட்ட பூச்சியமாகிவிடும். இதற்குச் செலவு ஒரு பழைய வேட்டி.

3. "ஆசிட் வேண்டாம், இயற்கையானது போதும்" என்று வீடியோக்களில் சொல்லப்படும் எலுமிச்சை, வினிகர் வகை யோசனை இதன் தங்கை. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக், புளியில் டார்டாரிக். பழத்திலிருந்து வந்ததால் மார்பிளுக்குத் தெரியாமல் போய்விடாது. புளி வியாபாரத்துக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தில் சமையலறைக் கடப்பா மேடையில் புளிக்கரைசல் சிந்திய இடம் வெளுத்துக் கிடப்பதைக் காண நெடுந்தூரம் போக வேண்டாம். வினிகரோடு சமையல் சோடாவைக் கலக்கச் சொல்வது இன்னும் வேடிக்கை: அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நுரை அடங்கியபின் கையில் இருப்பது உப்புத்தண்ணீர்.

எலுமிச்சைக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் உண்டு. உங்கள் வீட்டுக் கல் எந்தச் சாதி என்று தெரியாவிட்டால், பீரோவுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ ஒரு சொட்டுச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். நுண்குமிழி வந்தாலோ, துடைத்த இடம் பாலீஷ் இழந்து மங்கினாலோ அது சுண்ணாம்புக் குடும்பம். அப்படியே இருந்தால் கிரானைட் குடும்பம். இந்தச் சோதனையைச் செய்யாமல் தரையில் எதையும் ஊற்றவோ பூசவோ கூடாது. யோசனை சொல்ல வருகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்?

4. "ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை" என்பவர்கள் சற்றுப் படித்த தரப்பு. அவர்கள் பாதி சரி. கல்லில் நுண்துளைகள் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடத்தில் அந்த இடம் கறுத்தால் அந்தக் கல் உறிஞ்சுகிறது என்று பொருள், எண்ணெயையும் உறிஞ்சும். அதைத் தடுக்க சிலேன், சிலாக்சேன் வகைச் சீலர்கள் இருக்கின்றன. அவை துளைக்குள் இறங்கி நீரையும் எண்ணெயையும் தாமதப்படுத்தும், நீராவி வெளியேறுவதைத் தடுக்காது. கடைகளில் பளபளப்பைக் காட்டி விற்கப்படுவது பெரும்பாலும் வேறு வகை: அக்ரிலிக், எபாக்ஸி, மெழுகு என்று கல்லின்மேல் தோலாகப் படிபவை. தோல் போட்ட தரை முதல் மாதம் மின்னும். பிறகு மணல் கீறுவது கல்லை அல்ல, கல்லைவிட மிருதுவான அந்தத் தோலை. நடக்கும் பாதை மட்டும் தேய்ந்து, ஓரங்கள் மின்னி, தரை சொறி பிடித்ததுபோல் ஆகும். கீழிருந்து ஈரம் ஏறினால் தோலுக்கடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்பளிக்கும். பிறகு அதை உரிக்க ரசாயனம் வேண்டும்.

உள்ளிறங்கும் சீலரும் ஆயுசுக்கு நிற்பதில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை அதே தண்ணீர்ச் சொட்டுச் சோதனை செய்து, தேவைப்பட்டால் மறுபடி போட வேண்டும். அமிலக்கறையையும் அது தடுக்காது. சுண்ணாம்புக் கல்லில் எலுமிச்சை பட்டால் சீலர் இருந்தாலும் மங்கத்தான் செய்யும். பாலீஷ் போட்ட அடர்ந்த கறுப்பு கிரானைட்டுக்கு அநேகமாகச் சீலரே வேண்டாம். இறங்க இடமில்லாமல் மேலே பிசுபிசுவென்று காயும். சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும் என்பதால் ஐப்பசி மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. மாசி, பங்குனி சரியான காலம். கடப்பா கல்லைக் கறுப்பாகக் காட்டத் தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தேய்க்கும் பழைய வழக்கமும் இந்தக் கோட்டிங் கணக்கில் சேர்ந்ததுதான். ஒரு வாரம் கறுப்பு, பிறகு தூசி.

5. "கறை இறங்கிவிட்டது, இனிப் போகாது" என்று கைவிடப்படும் தரைகள் ஏராளம். மேலே தேய்த்தால் போகாது என்பது சரி. கறை மேலே இல்லையே. துளைக்குள் இறங்கிய எண்ணெயை வெளியே இழுக்க வேண்டும். சமையல் சோடாவையோ சீமைச் சுண்ணாம்புத் தூளையோ, பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டுக் கலந்த தண்ணீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறையின்மேல் அரை அங்குலம் அப்பி, பாலிதீன் தாளால் மூடி விளிம்பை டேப்பால் ஒட்ட வேண்டும். ஒருநாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டு நன்றாகக் காயவிட வேண்டும். காயும்போதுதான் தூள் ஈரத்தை மேலே உறிஞ்சுகிறது, ஈரத்தோடு எண்ணெயும் வருகிறது. பல வருட விளக்கெண்ணெய்க் கறைக்கு மூன்று நான்கு முறை பிடிக்கும். முதல் முறையில் போகவில்லை என்று நிறுத்துபவர்கள்தான் போகாது என்று சொல்கிறார்கள். சிலிண்டர் துருவளையம் இதைவிடப் பிடிவாதமானது. சுண்ணாம்புக் கல்லில் அதற்கென்று உள்ள, அமிலமில்லாத துருநீக்கியை இதேபோல் அப்பித்தான் எடுக்க வேண்டும். சிலிண்டருக்கடியில் ஒரு ரப்பர் பாய் போட்டிருந்தால் அந்த வேலையே இல்லை.

உடைந்த மூலை, விரிசல் இவையும் தரையைப் பெயர்க்கக் காரணமாகா. அதே கல்லின் தூளை எபாக்ஸிப் பசையில் குழைத்து அடைத்து, காய்ந்தபின் சமமாகத் தேய்த்தால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தட்டினால் தொம்தொம் என்று ஒலிக்கும் ஒரு கல்லுக்காக நூறு கல்லைப் பெயர்ப்பவர் உண்டு. அந்த ஒரு கல்லைத் தூக்கி, அடியில் சமன்செய்து, மறுபடி பதிக்கலாம். சுண்ணாம்புச் சாந்தில் பதித்த பழைய கல் கடப்பாரை நுனியில் முழுசாகக் கிளம்பி வரும்.

6. "டைல்ஸ் போட்டால் பராமரிப்பே இல்லை" என்பது விற்பவரின் வாக்கியம், வாங்கியவரின் வாக்கியம் அல்ல. வடிவம் அச்சிட்டு மினுக்கிய விட்ரிஃபைடு டைல்ஸில் நாம் பார்க்கும் மார்பிள் மேலே உள்ள மெல்லிய படலத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது தேய்ந்தாலோ பாத்திரம் விழுந்து பெயர்ந்தாலோ கீழே வேறு நிறம். மறுபாலீஷ் போட முடியாது. உடைந்த ஒன்றை மாற்றலாம் என்றால், குஜராத்தின் மோர்பியில் அந்த வடிவத்தைச் சில வருடங்களில் நிறுத்தியிருப்பார்கள். அதே வடிவம் கிடைத்தாலும் அடுத்த தொகுதியின் நிறம் சற்று மாறும். மேல்தட்டு முழுக்க நிறம் கொண்ட டபுள் சார்ஜ் வகை இதைவிட உசத்தி, ஆனால் அதிலும் உடைந்ததை இணை சேர்க்கும் சிக்கல் அப்படியேதான். போதிய இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்தவை வெயிலுக்கும் குளிருக்கும் இடம்கொடுக்க முடியாமல் ஒருநாள் வெடித்து எழும்புவதை இந்த மாநிலத்தில் பார்க்காத தெரு குறைவு. போர்த் தண்ணீரின் வெள்ளைப் படலமோ, கல்லில் படிவதுபோலவே டைல்ஸிலும் படியும். தண்ணீரை மாற்றாமலும் துடைக்கும் முறையை மாற்றாமலும் தரையை மட்டும் மாற்றியவருக்கு அடுத்த வருடமே ஆசிட் பாட்டில் திரும்பி வருகிறது. இப்போது அது இணைப்புகளைத் தின்கிறது.

கல்லின் மேலேயே ஒட்டுவது சிக்கனம் என்பவர்கள் முழுச் செலவையும் சொல்வதில்லை. பசையும் டைல்ஸும் சேர்ந்து தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். எல்லாக் கதவின் அடியையும் சீவ வேண்டும், வாசற்படியின் கணக்கு மாறும், குளியலறைக்கும் கூடத்துக்கும் இருந்த மட்ட வித்தியாசம் குறைந்து தண்ணீர் உள்ளே வரும். பாலீஷ் போட்ட கல்லில் பசை பிடிக்க அதைக் கொத்த வேண்டும். கொத்திய கல் பிறகு எதற்கும் ஆகாது. பெயர்ப்பது என்றாலோ, ஒரு கூடத்துக் கல்லும் அடிச்சாந்தும் சேர்ந்து டன் கணக்கில் இடிபாடு. அது லாரி ஏறி எந்த ஏரிக்கரையில் கொட்டப்படும் என்பதை யாரும் கேட்பதில்லை. கல் தரையில் நடந்தால் மூட்டு வலி வரும் என்றொரு பேச்சும் கூடவே வரும். விட்ரிஃபைடு டைல்ஸ் கிரானைட்டைவிட மிருது இல்லை, குளிர்ச்சியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈரத்தில் வழுக்குவது மட்டும் மினுக்கிய எந்தத் தரைக்கும் பொது.

7. "தரையில் உப்புப் பூக்கிறது, அதனால் மூடிவிட வேண்டும்" என்ற வாதத்தின் விளைவுகள் இன்னும் மோசம். இந்த உப்பு வேறு, முன்னே சொன்ன படலம் வேறு. படலம் மேலிருந்து வருவது, சுரண்டினால்தான் போகும். பூப்பது கீழிருந்து வருவது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினாலே உதிரும், தண்ணீர் விட்டால் கரைந்து மறைந்து இரண்டு நாளில் திரும்ப வரும். இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தரைக்கடியில் ஈரம் இருக்கிறது. அதன்மேல் டைல்ஸை ஒட்டினால் ஈரம் போய்விடுமா? ஆவியாக வெளியேற இருந்த பரப்பு அடைபட்டதும், திறந்திருக்கும் இடத்தைத் தேடும். பெரும்பாலும் அது சுவரின் அடிப்பகுதி. தரை புதுசாக மின்ன, சுவரில் பெயிண்ட் பொரிந்து உதிரத் தொடங்கும். அதைச் சுவர்க் கோளாறு என்று தனியாகச் செலவழிப்பார்கள்.

ஈரத்துக்குக் காரணம் குளியலறைக் குழாய்க் கசிவாக இருக்கலாம். வீட்டைச் சுற்றி வடிகால் இல்லாததாக இருக்கலாம். தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, வீட்டுத் தரையைவிட ரோடு உயர்ந்துவிட்டதாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி நிலையில் தரையை உயர்த்துவது நியாயமான தேவை, மறுக்கவில்லை. மண் அமுங்கித் தளமே பள்ளமாகிவிட்டாலும் பெயர்க்கத்தான் வேண்டும். அப்போதும் பெயர்த்த கல்லை எண் போட்டு அடுக்கி, தளத்தை உயர்த்திவிட்டு அதையே திரும்பப் பதிக்கலாம் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை?

8. கடைசி ஆட்சேபம் வலுவானது: இதெல்லாம் சரி, செய்ய ஆள் எங்கே? மேஸ்திரிக்கு டைல்ஸ் தெரியும், கல் பழுது தெரியாது. தெரியாத வேலையை அவர் சிபாரிசு செய்யமாட்டார், அதில் தவறும் இல்லை. ஆனால் 2004 வரை இதே மாவட்டத்தின் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுத்துப் பாலீஷ் போடும் தொழிற்கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. பாரடைசோ என்ற கிரானைட் வகையும் கறுப்பு கிரானைட்டும் அங்கிருந்து கடல் கடந்து போய் வெளிநாட்டு வீடுகளின் தரையாகின்றன. அந்தக் கல்லைக் கண்ணாடியாக்கும் கைகள் நம் பேருந்துத் தொலைவில் இருக்கும்போது, வைரப் பட்டை பிடிக்க ஆளில்லை என்பது திறமைப் பஞ்சம் ஆகாது. கேட்பவர் இல்லாததால் அந்தத் திறமை வீட்டு வேலைக்கு இறங்கவில்லை. மொசைக் பாலீஷ் மிஷின் வைத்திருப்பவர்கள் தருமபுரியிலும் இன்னும் இருக்கிறார்கள். கடப்பாவுக்கும் கோட்டாவுக்கும் அதே தொழில்தான், பட்டை மட்டும் மாறும்.

வருகிற ஆளைச் சோதிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. இது என்ன கல் என்று முதலில் பார்க்கிறாரா, பாட்டிலைத் திறக்கிறாரா? தண்ணீர் விட்டுத் தேய்ப்பாரா, உலர்வாகவா? உலர்வாகத் தேய்த்தால் பறப்பது சிலிக்கா தூசி. நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா உள்ள செயற்கைக் கல்லை அறுத்தவர்களுக்கு வந்த சிலிக்கோசிஸைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. கிரானைட்டில் சிலிக்கா அதைவிடக் குறைவு, இல்லாமல் இல்லை. மூன்றாவதாக, கதவுக்குப் பின்னால் ஒரு சதுர அடியை மட்டும் முதலில் முடித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு அடிக்குத் தனியாகக் கூலி கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் போர்த் தண்ணீரால் துடைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குப் பேசலாம். அதற்குச் சம்மதிக்காதவர் பாலீஷ்காரராக இருந்தாலும் டைல்ஸ்காரராக இருந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.